சிறு விமானத்தின் பெருங்குறை



பழைய செங்கற் கோட்டையாய் நின்ற, கன்னியாகுமரியை அடுத்த நமது வட்டக்கோட்டையை, 1741-ல் குளச்சல் யுத்தத்தில் சிறைப்பட்டுப் பின் திருவிதாங்கூர் சேனைக்கே தளபதியான டச்சுக் கம்பெனி அதிகாரி டி லனாய், மார்த்தாண்ட வர்மர் காலத்தில் கருங்கல்லால் வலுப்படுத்தினார் என்பதை நீங்கள் அறிவீர்கள். இருப்பதைத் திருத்தும் அந்த வித்தையைக் குறித்தே, ஆகாயத்திலிருந்து உதாரணம் எடுத்துப் பேச விரும்புகிறேன்.

இங்கிலாந்தில் பெட்டர் என்னும் நிபுணர் வகுக்க, பெங்களூர் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை உரிமம் பெற்றுக் கட்டிய நாட் என்னும் சிறு போர்விமானம், 1965, 1971 பாகிஸ்தான் யுத்தங்களில் தன்னிலும் பெரிய சேபர் விமானங்களை வீழ்த்திப் புகழ் கொண்டது. விமானப் படையில் பரமவீர சக்கரம் பெற்ற ஒரே வீரரான நிர்மல் ஜித் சிங் செகான், 1971 டிசம்பர் 14-ல் ஸ்ரீநகர் வானில் உயிர் நீத்ததும் அவ்விமானத்தில்தான்.

ஆயினும் அதனை ஓட்டியவர்கள் ஒரு பயத்தோடேயே ஓட்டினார்கள். மூக்கை உயர்த்தவும் தாழ்த்தவும் வாலின் கிடைப்பலகை முழுவதையும் அசைக்க வேண்டும்; அசைப்பதோ ஹைட்ராலிக் எண்ணெயின் அழுத்தம். அந்த ஏற்பாடு நம்பகமற்றது என்பது படையெங்கும் தெரிந்த சங்கதி. தரையை ஒட்டி அதிவேகமாய்ப் பறக்கையில் அழுத்தம் குன்றினால், யோசிக்க விமானிக்கு அவகாசம் ஏது? அவர் எழுதித் தரும் குறைப்பட்டியலை, மறுநாளும் அதே இருக்கையில் அமரப் போகிறவரின் கையெழுத்தாகவே இன்று பட்டம் பெறும் நீங்கள் வாசிக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

அப்படி வாசித்தவர், இரண்டாம் உலக யுத்தகாலத்து ஆங்கிலப் பொறியாளர் பீட்ரிஸ் ஷில்லிங் அம்மையார். ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் விமானங்கள் சட்டென்று மூக்கைத் தாழ்த்தினால் கார்புரேட்டர் தடுமாறி எஞ்சின் அடங்கிவிடும், பகைவர் தப்புவார். புது கார்புரேட்டருக்குக் காத்திராமல், எரிபொருள் வரத்தைக் கட்டுப்படுத்தும் சிறு பித்தளைத் துளைவில்லை ஒன்றை வகுத்து, 1941-ன் தொடக்கத்தில் விமானத் தளந்தோறும் சென்று பொருத்துவித்தார்.

நம்மவர்க்கு 1971 யுத்தம் ஓய்ந்த பின்னரே அவகாசம் வாய்த்தது. திருத்திய நாட் வேண்டுமென்று 1972-ல் விமானப் படை கேட்க, பெங்களூர்ப் பொறியாளர்கள் ஹைட்ராலிக்கையும் கட்டுப்பாட்டையும் செப்பனிட்டு, இறக்கைக்குள்ளேயே எரிபொருளைச் சேமித்து, ஆயுதங்களுக்கு வெளியிடம் ஒழித்துத் தந்தார்கள். அஜீத் என்னும் அவ்விமானம் 1975 மார்ச் 5-ல் முதலில் பறந்தது. உங்கள் பெற்றோர் பலர் பள்ளியில் படித்த 1991 வரை நமது படையில் பணியாற்றியது.