இணையவழி வகுப்புக்கு எந்த மென்பொருள்?
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

கால் நூற்றாண்டுக் காலம் மாலை வகுப்பு நடத்தி, நம் பிள்ளைகள் பலரை அவரவர் குடும்பத்தின் முதல் பட்டதாரிகளாக ஆக்கிய இக்கழகத்தின் வெள்ளி விழாவில் உரையாற்றக் கிடைத்த வாய்ப்பினைப் பெரும்பேறாகக் கருதுகிறேன். மாலை வகுப்புகளை இனி இணையத்தில் நேரலையாகவும் ஒளிபரப்பக் கழகம் எண்ணியுள்ளது. அதற்கு எந்த வழங்கி மென்பொருளைத் தேர்வது என்பதனை விளக்குமாறு என்னைப் பணித்துள்ளனர். இது பொறியாளர் மட்டும் முடிவு செய்யத்தக்க செய்தி அன்று. நாம் அனைவரும் கூடி முடிவு செய்யத்தக்கது.

1893-இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கினார். 1907-இல் அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். 1920 ஜனவரி 31 அன்று அண்ணல் அம்பேத்கரின் 'மூக்நாயக்' வெளிவந்தது. அவ்விதழைப் பற்றிய விளம்பரத்தைக் காசு பெற்றுக்கொண்டும் வெளியிட 'கேசரி' ஏடு மறுத்தது என்பது வரலாறு. நம் பேச்சைப் பிறர் ஏடு சுமக்கும் என்று காத்திராமல், தமக்கென ஏடு கண்டவர்கள் நம் முன்னோர்.

இன்று நம் நிலை என்ன? சென்ற ஆண்டு அண்ணலின் பிறந்தநாள் கூட்டத்தை ஓர் இலவசத் தளத்தின் வழியே நேரலையாக அனுப்பினோம். ஒலிபெருக்கியில் ஒலித்த பாடலொன்றின் உரிமையைக் காரணம் காட்டி, தலைமையுரையின் நடுவே ஒளிபரப்பு நிறுத்தப்பட்டது. முறையிட்டோம், இயந்திரம்தான் விடை தந்தது. வளைகுடா நாடுகளில் உழைக்கும் நம் பிள்ளைகள் வெற்றுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தனர். கூட்டம் தடைப்பட்டதைக் காட்டிலும், ஏன் என்று கேட்க ஓர் ஆள் இல்லாமற் போனதே என் நெஞ்சை உறுத்திற்று.

நேரலை எவ்வாறு நிகழ்கிறது என்பதை முதலில் காண்போம். ஒளிப்படக் கருவியின் காட்சியை வகுப்பறைக் கணினி சுருக்கி, ஒரே ஓட்டமாக வழங்கிக்கு, அதாவது நீங்கள் வழக்கில் சர்வர் என்று கூறும் கணினிக்கு, அனுப்புகிறது. இவ்வேலைக்கு 'ஓ.பி.எஸ். ஸ்டூடியோ' என்னும் கட்டற்ற மென்பொருள் போதும். வழங்கி அதனைச் சில நொடி நீளமுள்ள சிறு துண்டுகளாக நறுக்கி, கேட்பவர் ஒவ்வொருவருக்கும் படியெடுத்து அளிக்கிறது. 2009-இல் ஆப்பிள் நிறுவனம் அறிமுகம் செய்த 'எச்.எல்.எஸ்.' என்னும் இம்முறை இன்று ஏறக்குறைய எல்லாக் கைபேசிகளிலும் இயங்குகிறது.

மென்பொருளைத் தேர்வதற்கு நான்கு கேள்விகள் கேட்க வேண்டும்.

முதற் கேள்வி: நம்முள் மிக எளியவரின் கைபேசியில் இது ஓடுமா? நொடிக்கு 2,000 கிலோபிட் அளவில் அனுப்பும் தெளிந்த காட்சி ஒரு மணி நேரத்தில் 900 எம்.பி. தரவினை விழுங்கும். 500 கிலோபிட் ஆயின் 225 எம்.பி.; ஒலி மட்டும் 64 கிலோபிட் ஆயின் 29 எம்.பி.க்கும் குறைவு. மலைச்சரிவில் அலை மெலிந்த வீட்டில், அன்றாடத் தரவினைத் தம்பி தங்கையரோடு பகிர்ந்துகொள்ளும் மாணவிக்கு இவ்வேறுபாடே வகுப்பாகும். ஆகவே, ஒரே வகுப்பை இரண்டு மூன்று தரங்களில் அளிக்கவல்ல மென்பொருளே நமக்கு வேண்டும். கரும்பலகையில் பெரிதாக எழுதி, ஒலியைத் தெளிவாகப் பதிவு செய்தால் 500 கிலோபிட் போதும்.

இரண்டாம் கேள்வி: எத்தனை பேர், எவ்வளவு விரைவில்? 200 பேர் ஒரே நேரத்தில் 500 கிலோபிட் காட்சியைக் கண்டால், வழங்கியிலிருந்து நொடிக்கு 100 மெகாபிட் வெளியேற வேண்டும். அச்சுமையைக் கழக அலுவலகத்தின் இணைப்பில் ஏற்றுதல் கூடாது. தரவு நிலையமொன்றில் வழங்கியை வாடகைக்கு எடுத்தால், இங்கிருந்து ஓர் ஓட்டம் மட்டும் சென்றாற் போதும். 'எச்.எல்.எஸ்.' முறையில் சில நொடி முதல் அரை நிமிடம் வரை காலத்தாழ்வு உண்டு. உடனுக்குடன் உரையாட 'வெப் ஆர்.டி.சி.' முறை உதவும். ஆனால் பெருங்கூட்டத்திற்கு அது வழங்கியை வருத்தும். பாடம் நடத்துவதற்குச் சிறு தாழ்வு கேடன்று.

மூன்றாம் கேள்வி: நாளை இதனைத் திறக்க முடியுமா? நம் திருச்சாரணத்து மலையை எண்ணிப் பாருங்கள். 9ஆம் நூற்றாண்டில், ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்தில், குணந்தாங்கிக் குரத்திகள் என்னும் சமணப் பெண் ஆசான் அளித்த கொடை அங்கே பாறையில் வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளது. மொழி தமிழே, எழுத்தோ வழக்கொழிந்தது. எனினும் அவ்வெழுத்து எவருடைய தனியுடைமையும் அன்று. ஆதலின் கற்றவர் படித்துச் சொல்ல முடிந்தது. 'ஃபிளாஷ்' என்னும் மென்பொருளுக்கு நேர்ந்தது வேறு. ஒரு காலத்தில் இணையக் காட்சிகள் பெரும்பாலும் அதனையே நம்பியிருந்தன. 2020 டிசம்பர் 31-உடன் அடோபி நிறுவனம் அதற்கான ஆதரவை நிறுத்திற்று. 2021 ஜனவரி 12 முதல் அம்மென்பொருளே காட்சிகளை இயக்க மறுத்தது. அதனை நம்பி அமைத்த பாடங்கள் பல அன்றோடு மூடப்பட்டன. ஆகவே, மூல நிரல் திறந்திருக்கும் கட்டற்ற மென்பொருளே கழகத்திற்கு ஏற்றது.

நான்காம் கேள்வி: பழுதானால் பார்ப்பவர் யார்? 'வவ்சா' போன்று உரிமக் கட்டணம் கேட்கும் தரமான மென்பொருள்கள் உண்டு. கட்டற்றவற்றுள் 'என்ஜின்-எக்ஸ்' வழங்கியும் அதன் நேரலைக் கூறும் குறைந்த ஆற்றலுள்ள கணினியிலும் ஓடும். ஆயினும் காட்சியைப் பல தரங்களாக்க 'எஃப்.எஃப்.எம்பெக்' என்னும் கருவியை உடன் இணைக்க வேண்டும். 2020-இல் வந்த 'ஓன்காஸ்ட்' நிறுவ எளிது. பல தரங்களையும் உரையாடற் பகுதியையும் தானே கொண்டது. பிரான்சின் ஃபிரமசாஃப்ட் அமைப்பு 2018-இல் முதற் பதிப்பாக வெளியிட்ட 'பியர்டியூப்', பாடங்களைச் சேமித்து அடுக்கி வைக்க ஏற்றது. 2021 முதல் நேரலையும் அதில் உண்டு.

என் பரிந்துரை இது. நேரலைக்கு 'ஓன்காஸ்ட்', பாடச் சேமிப்புக்குப் பின்னர் 'பியர்டியூப்'. இலவசத் தளங்களை வெறுக்க வேண்டா. அங்கும் ஒரு படி இருக்கட்டும். ஆனால் மூலப் பதிவு நம் இரண்டு வட்டுகளில், இரண்டு இடங்களில் இருத்தல் வேண்டும். வழங்கியைக் காக்க இளைஞர் இருவரேனும் கற்றல் வேண்டும். அவருள் ஒருவர் பெண்ணாக இருத்தல் வேண்டும். கடவுச்சொல் ஒருவர் நினைவில் மட்டும் தங்குமாயின், அவர் வேலை தேடி வெளியூர் செல்லும் நாளில் கழகத்தின் கதவும் அடைபடும்.

இன்னொன்றையும் மறத்தல் கூடாது. எல்லைக்கப்பால் கேரளத்தில் 2020 ஜூன் 1 அன்று 'கைட் விக்டர்ஸ்' அலைவரிசை வாயிலாகப் பள்ளி வகுப்புகள் தொடங்கின. தொலைக்காட்சியோ இணையமோ வீட்டில் இல்லாத மாணவர் இரண்டரை இலட்சத்திற்கும் மேற்பட்டோர் என்பது அரசின் கணக்கிலேயே தெரிந்தது. பின்னர் நூலகங்களிலும் அங்கன்வாடிகளிலும் பொதுத் திரைகள் அமைக்கப்பட்டன. நாம் அப்பாடத்தை முதலிலேயே கற்போம்: வழங்கிக்குச் செலவிடும் முன், கழக மண்டபத்தில் ஒரு பெரிய திரையும், இரவில் பெண்பிள்ளைகள் அச்சமின்றி வந்து செல்ல ஒரு விளக்கும் அமைப்போம்.

இளைஞர்களே! வெங்ஙானூரில் அய்யன்காளி நம் மக்களுக்கெனப் பள்ளி திறந்தபோது அதனை எரித்தார்கள். அவர் மீண்டும் கட்டினார். நம் பள்ளியை எரிக்க இன்று எவரும் தீ கொண்டு வரவேண்டியதில்லை. எங்கோ ஒருவர் ஒரு பொத்தானை அழுத்தினாற் போதும். அப்பொத்தானும் நம் கையில் இருக்கட்டும். இக்கழகத்தின் பொன்விழாவில், இன்று பதியும் பாடத்தை நம் பேரப் பிள்ளைகள் திறந்து பார்க்கட்டும் என்று வாழ்த்தி அமைகிறேன்.