வலதுபக்க இருக்கை

(பயிற்றுநர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

குழுக் கூட்டத்துல விமானத்தைப் பத்தி என்ன பேச்சுன்னு சிலர் சிரிக்கிறீங்க. சொல்லித்தருகிறவர்களுக்குக் கடுமையான பரீட்சை எங்கே இருக்கிறது என்று நாங்கள் தேடிப் படித்தபோது கிடைத்தது இது. அமெரிக்காவில், இரண்டு இஞ்சின் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுப்பதற்கான சான்றிதழ்.

கமர்ஷியல் பைலட் லைசென்ஸாவது இருந்தால்தான் இதற்கு வரவே முடியும். அந்த வகை விமானத்தைத் தன் பொறுப்பில் குறைந்தது 15 மணி நேரம் ஓட்டியிருக்க வேண்டும். மாணவர் இடதுபக்கம் உட்காருவார், ஆசிரியர் வலதுபக்கம். இத்தனை நாள் இடது கை செய்ததை இனி வலது கை செய்யணும். வாய் விளக்கிக்கொண்டே இருக்கணும்.

"ரெண்டு இஞ்சின் இருக்கே, ஒண்ணு நின்னாலும் பாதி பலம் இருக்குமே" என்று தோணும். நம்ம வீட்டுக் கணக்கா பாருங்க. ரெண்டு பேர் சம்பாத்தியம் 10,000 ரூபாய், செலவு 4,000, மிச்சம் 6,000. ஒருத்தர் வேலை நின்னா வருமானம் 5,000. செலவு அதேதான். மிச்சம் 1,000! விமானம் மேலே ஏறுவதும் இந்த மிச்சத்தில்தான். ஒரு இஞ்சின் நின்றால் ஏறும் திறனில் 80 முதல் 90 சதவீதம் போய்விடும்.

அதோடு, ஓடுகிற இஞ்சின் விமானத்தை நின்ற இஞ்சின் பக்கம் திருப்பும். காலால் பெடலை மிதித்து நேராக்கணும். வேகமானியில் ஒரு சிவப்புக் கோடு உண்டு. வேகம் அதற்குக் கீழே இறங்கினால் மிதித்தும் பயனில்லை, விமானம் புரண்டுவிடும். அப்போது நல்ல இஞ்சினின் பலத்தைக் குறைத்து, மூக்கைத் தாழ்த்தணும். பயந்தவர் கை மூக்கை மேலேதான் இழுக்கும். தரையிலிருந்து 3,000 அடிக்குக் கீழே வராமல் ஆசிரியர் இதைச் செய்து காட்ட வேண்டும். பிறகு மாணவரைச் செய்யவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு இல்லை, கையைத் தயாராக வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும். சீக்கிரம் பிடுங்கினால் அவர் கற்கமாட்டார். தாமதித்தால் ரெண்டு பேருக்கும் உயிர் போகும். எங்களைக் கேட்டால் பரீட்சையே அதுதான். (பதிவேடு எழுதச் சொல்லிட்டு பேனாவைப் பிடுங்குறவங்க நம்மில் உண்டு!)

எந்த இஞ்சின் நின்றது? எந்தக் கால் சும்மா இருக்கோ, அந்தப் பக்கம். அப்பவும் உடனே அணைக்கக் கூடாது. அந்த இஞ்சினின் விசைப்பிடியை மெதுவா இழுத்துப் பார்க்கணும். மாற்றமே இல்லையென்றால்தான் உறுதி. 2015 பிப்ரவரியில் தைவானின் தைபே நகரில், ஒரு இஞ்சின் பழுதானபோது நன்றாக ஓடிய மற்றொன்றைத் தவறாக அணைத்துவிட்டார்கள். விமானம் ஆற்றில் விழுந்து 43 பேர் இறந்தார்கள்.

பெண்களுக்கு இது ஆகுமான்னு ஒரு அக்கா கேட்டாங்க. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் எவலின் பிரையன் ஜான்சன் என்ற அம்மா 1944இல் விமானம் ஓட்டக் கற்க ஆரம்பித்தார். பிறகு ஆசிரியரானார். 5,000 பேருக்கு மேல் கற்றுக்கொடுத்தார். 57,000 மணி நேரத்துக்கு மேல் பறந்தார். 2012இல், 102 வயதில் காலமானார். தொண்ணூறு வயது தாண்டியும் மாணவர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்.