தொட்டறியும் நுண்ணோக்கி



உயிரணுவினுள் நிகழும் வினைகள் மிக நுண்ணியவை. ஒளியலையின் நீளத்தில் ஏறத்தாழப் பாதியினும் சிறியவற்றை வழக்கமான ஒளிநுண்ணோக்கி பிரித்துக் காட்டமாட்டாது. மின்னணு நுண்ணோக்கியோ காட்டும். ஆயின் பொருளை உலர்த்தியோ உறையவைத்தோ, பெரும்பாலும் காற்றகற்றிய வெளியில் இடல் வேண்டும். வடிவம் கிட்டும், அசைவு கிட்டாது. பிணத்தைப் பார்த்து நடையைப் படிப்பது போன்றது அது.

தொல்காப்பியர் உயிர்களை அறிவுவகையாற் பகுத்தபோது, உற்றறிதலையே முதலறிவாக வைத்தார், கண்ணறிவு நான்காவதே. அம்முதலறிவின் வழி இயங்குவது அணுவிசை நுண்ணோக்கி. அதனை 'நோக்கி' என்பதே சற்றுப் பொருந்தாப் பெயர். அது நோக்குவதில்லை, தடவுகின்றது.

1981-இல் சூரிக்கு நகரையடுத்த ஐ.பி.எம். ஆய்வகத்தில் கெர்டு பின்னிங், ஐன்ரிச்சு உரோரர் என்னும் இருவர், ஊசிமுனைக்கும் பொருளுக்கும் இடையே மின்னைக் கசியவிட்டு அணுக்களின் மேடுபள்ளத்தை வரைந்தனர். 1986-இல் நோபல் பரிசிலும் பங்கு பெற்றனர். எனினும், மின்கடத்தாப் பொருளிடம் அக்கருவி செல்லாது. உயிர்ப்பொருள்களோ பெரும்பாலும் மின்கடத்தாதவை. ஆகலின், அதே ஆண்டில் பின்னிங், கால்வின் குவேட்டு, கிறித்தோபு கெர்பர் ஆகிய மூவரும் மின்னை விடுத்து விசையையே உணரும் கருவியை வெளியிட்டனர். அம்முதற்கருவியின் கை, வைரத்துணுக்கு ஒட்டிய பொற்றகடு!

ஒருமுனை மட்டும் பற்றப்பட்ட மெல்லிய தகடு. மறுமுனையடியில் சில நானோமீட்டரே கூர்மையுடைய ஊசி. மீட்டரை நூறுகோடிக் கூறிட்டால் வரும் ஒரு கூறே நானோமீட்டர். ஊசி தடவிச் செல்ல, மேடுபள்ளத்திற்கேற்பத் தகடு வளையும். அதன் முதுகிற் பட்டுத் திரும்பும் சீரொளிக்கற்றை அவ்வளைவைப் பெருக்கிக் காட்டும். இவையெல்லாம் நீருக்குள்ளேயே நிகழும் என்பதுதான் உயிரியலார் பெற்ற பெரும்பேறு. குருதியை உறையச் செய்யும் இழைப்புரதம் நீரிற் கூடி வளர்வதை 1989-இலேயே இக்கருவியாற் கண்டனர்.

தொடுதலில் இடரும் உண்டு. உயிர்ப்பொருள் அழுத்தினாற் சிதையும், இழுத்தால் இடம்பெயரும். எனவே ஊசியை இழுக்காது, மெல்லத் தட்டித் தட்டிச் செலுத்தும் முறை கண்டனர். ஆயினும், ஒரு படத்திற்குச் சில நிமையங்கள் ஆயின. அதற்குள் உயிர்வினை முடிந்துவிடுமே! சப்பானின் கனசாவாப் பல்கலைக்கழகத்துத் தோசியோ ஆண்டோ குழுவினர், தகட்டைச் சிறிதாக்கி, கருவியின் எல்லா உறுப்பையும் விரைவுபடுத்தப் பல்லாண்டு உழைத்தனர். 2010-இல் மயோசின்-5 என்னும் புரதம் ஆக்டின் இழைமேல் நடப்பதை நொடிக்கு ஏறத்தாழ ஏழு படமாக எடுத்து வெளியிட்டனர். உயிரணுவுக்குள் சுமைதூக்கும் ஆள் அப்புரதம். ஒரு காலை ஊன்றி மறுகாலை முன்வைத்து, அடிக்கு ஏறத்தாழ 36 நானோமீட்டர் சென்றது. அதுவரை உய்த்துணர்ந்த நடை கண்முன் நடந்தது.

வடிவை மட்டுமன்றி மென்மையையும் இவ்வூசி அளக்கும். காய்கறிக்கடையில் பழத்தை அழுத்திப் பார்ப்பதில்லையா? அவ்வாறே உயிரணுவை அழுத்தி, அது எத்துணை அமிழ்கின்றது என்று காண்பர். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் இலாசு ஏஞ்சலீசு வளாகத்தில் சேம்சு கிம்செவ்சுகி குழுவினர், புற்றுநோயாளரின் நுரையீரற் சூழ்நீரில் இருந்த உயிரணுக்களை இவ்வாறு அளந்து 2007-இல் வெளியிட்டனர். தோற்றத்தில் ஒத்திருந்தவற்றுள்ளும், பரவிவந்த புற்றணுக்கள் நல்லணுக்களினும் 70 விழுக்காட்டுக்கு மேல் மென்மையாயிருந்தன. கண் பிரித்தறியாததைத் தொடுகை பிரித்தது!

எனினும், இஃது இன்னும் மருத்துவமனைகளின் அன்றாட ஆய்வாகவில்லை. ஊசியின் வடிவும், அழுத்தும் விரைவும், தொடும் இடமும் மாறினால் அளவும் மாறுகின்றது. ஓர் ஆய்வகத்தின் எண் மற்றொன்றின் எண்ணோடு ஒத்துவருதற்குரிய பொதுநெறியை வகுப்பதில் அறிவியலார் இப்போது முனைந்துள்ளனர்.