நர்ஸ் சம்பளம் யார் கணக்கில்?



இன்ஜினியருக்கு நர்ஸ் சம்பளத்தில் என்ன வேலை என்று கேட்பீர்கள். விஷயம் ஒரு ஃபார்முலாவைப் பற்றியது. அது நம்ம பேட்டைதானே!

ஜெர்மனியில் 2004 முதல் ஆஸ்பத்திரிகளுக்கு ஒரு முறை கட்டாயமானது. இன்ன நோய், இன்ன சிகிச்சை என்று வகை பிரித்து, ஒரு கேஸுக்கு இவ்வளவு என்று காப்பீட்டு நிதியம் மொத்தமாகக் கொடுத்துவிடும். மருந்து, டாக்டர், நர்ஸ் எல்லாம் அதற்குள் அடக்கம். செலவைக் குறைத்தால் மிச்சம் ஆஸ்பத்திரிக்கு.

எங்கே குறைப்பாங்க? ஆபரேஷன் செய்கிற டாக்டரைக் குறைத்தால் வரும்படி போய்விடும். வார்டில் ஒரு நர்ஸைக் குறைத்தால் பில்லில் ஒன்றும் தெரியாது. ராத்திரி மணியடித்துவிட்டுக் காத்திருக்கிற நோயாளிக்குத்தான் தெரியும். யாரும் கெட்டவர் இல்லை. கணக்கு அப்படி இழுத்தது.

முதலில் 2019-ல், தீவிர சிகிச்சை, இருதயம் போன்ற சில பிரிவுகளில் இத்தனை நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்று குறைந்தபட்ச அளவு வைத்தார்கள். 2020 முதல் அடிப்படையையே மாற்றினார்கள். வார்டில் படுக்கையருகே பணிபுரியும் நர்ஸ்களின் சம்பளத்தை அந்த மொத்தத் தொகையிலிருந்து பிரித்துத் தனி பட்ஜெட் ஆக்கினார்கள். நோயாளி தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு தொகை வரும். ஆண்டு முடிவில் உண்மைச் செலவோடு ஒப்பிட்டு, கூடினாலும் குறைந்தாலும் நேர் செய்வார்கள். நர்ஸைக் குறைத்து லாபம் பார்க்கும் வழி அடைபட்டது.

பிரச்னை தீர்ந்ததா? முழுசா இல்லை. நர்ஸ் சம்பளம் முழுதாகக் கிடைக்கிறது; சாப்பாடு பரிமாறுகிற, படுக்கையைச் சுத்தம் செய்கிற உதவியாளர் சம்பளம் பழைய தொகைக்குள்ளேயே நிற்கிறது. அப்போ உதவியாளரைக் குறைத்து, அந்த வேலையையும் நர்ஸ் தலையில் கட்டத் தோன்றுமா, தோன்றாதா? அங்கே எழுந்த முக்கியமான விமர்சனமே இதுதான். தவிர, கொடுக்கப் பணம் இருந்தாலும் வேலைக்கு நர்ஸ் கிடைக்க வேண்டுமே!

நம் நாட்டிலும் 2018-ல் வந்த ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் சிகிச்சைக்கு ஒரே பேக்கேஜ்; நர்ஸிங் செலவும் அதற்குள்தான். ஆகவே இது நமக்கும் எட்டாத சங்கதி அல்ல.

தம்பி தங்கைகளே, நாளை இப்படிப்பட்ட கணக்குகளுக்கு சாஃப்ட்வேர் எழுதப் போகிறவர்கள் உங்களில் பலர். எதைச் சேர்க்கிறோம், எதை விடுகிறோம் என்று ஒரு கட்டத்தில் கோடு போடுவீர்கள். போடும் முன்பு, அந்தக் கோட்டுக்கு வெளியே நிற்பவர் யார் என்று ஒரு தடவை கேளுங்கள்.