எவர் உடலில் கற்பது?

(கம்பைநல்லூரில் நடைபெற்ற கல்விக் கழக வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



மூட்டு மாற்று அறுவை மருத்துவத்தில் மெய்ந்நிகர்ப் பயிற்சி என்பது நாம் இங்குப் பேச எடுத்துக்கொண்ட பொருள். கம்பைநல்லூருக்கும் இதற்கும் யாது தொடர்பு என்று சிலர் புன்னகை புரியலாம். தொடர்பு நம் முழங்கால்களில் இருக்கின்றது.

தருமபுரி மாவட்டத்தின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி. ஒரு லிட்டர் நீரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் அது இருத்தலாகாது என்பது உலக நல நிறுவனம் வகுத்த வரம்பு. அவ்வரம்பைக் கடந்த நீரையே இம்மாவட்டத்துச் சிற்றூர்கள் பல நெடுங்காலம் குடித்து வந்தன. பற்களில் பழுப்புக் கறை படிந்தது. முதுகும் முழங்காலும் இறுகின. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013ஆம் ஆண்டில் தொடங்கி வைக்கப்பட்டது. அந்நீர் வருங்காலப் பிள்ளைகளைக் காக்கும். ஏற்கெனவே இறுகிப்போன எலும்பை அது தளர்த்தாது. மூட்டு நோய்க்கு ஃபுளோரைடு ஒன்றே காரணம் அன்று. வயல்களில் குனிந்து களையெடுத்த தாய்மாரும், பெங்களூர்க் கட்டடங்களில் செங்கல் சுமந்த சித்தாள்களும் வயதான பின் தரையில் அமர்ந்து எழ முடியாமல் துன்புறுவதை நாம் அன்றாடம் காண்கின்றோம்.

தேய்ந்த மூட்டை நீக்கி உலோகமும் நெகிழியும் கொண்டு புதுமூட்டு அமைக்கலாம் என்பதை வழக்கத்திற்குக் கொண்டுவந்தவருள் முதன்மையானவர் இங்கிலாந்தின் சர் ஜான் சார்ன்லி. ரைட்டிங்டன் மருத்துவமனையில் முதலில் அவர் டெஃப்லான் என்னும் பொருளால் இடுப்பு மூட்டுக் கிண்ணங்களை அமைத்தார். நூற்றுக்கணக்கான நோயாளர்க்குப் பொருத்திய பின்னரே, சில ஆண்டுகளில் அது தேய்ந்து தூளாவதும், அத்தூள் சுற்றியுள்ள தசையைக் கெடுப்பதும் தெரியவந்தன. சார்ன்லி அத்தூளைத் தம் தொடையிலேயே செலுத்திக்கொண்டு விளைவை ஆராய்ந்தார். பிறர் உடலில் கற்றதற்குத் தம் உடலையும் ஈடு வைத்த மனிதர் அவர். 1962இல் பாலித்தீன் கிண்ணத்துக்கு மாறிய பின்னரே அம்முறை நிலைபெற்றது.

ஒவ்வொரு மருத்துவரின் வாழ்விலும் இதே வினா சிறிய அளவில் எழுகின்றது. முழங்கால் மாற்றத்தில் தொடையெலும்பின் நுனியையும் கீழ்க்கால் எலும்பின் தலையையும் வாளால் சீவுவர். காலின் நேர்க்கோடு 3 பாகைக்குமேல் பிறழலாகாது என்பது அறுவையர் நெடுநாள் கைக்கொண்ட அளவு. பிறழ்ந்தால் சுமை ஒருபுறம் சாய்ந்து புதுமூட்டு விரைவில் தளரக்கூடும். இந்தத் துல்லியத்தைக் கை எங்கே கற்றது? "ஒன்றைப் பார், ஒன்றைச் செய், ஒன்றைக் கற்பி" என்பது அறுவையரிடையே வழங்கும் பழமொழி. அந்த இரண்டாவது சொல்லில் வரும் 'ஒன்று' பெரும்பாலும் அரசு மருத்துவமனையின் பொதுப் பிரிவில் படுத்திருந்த ஏழை. பணம் உள்ளவர் கை தேர்ந்தவரைத் தேடிச் செல்வார். இல்லாதவர் உடலில் கை தேர்ந்தது. இது எந்த மருத்துவர் மீதும் நாம் சாட்டும் குற்றம் அன்று. வேறு வழி இல்லாதிருந்த காலத்தின் முறை அது.

இறந்தோர் உடலில் கற்பது மற்றொரு வழி. 1836ஆம் ஆண்டில் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் மதுசூதன் குப்தா என்பார் பிணத்தை அறுத்துக் கற்றது, மரபை மீறிய பெருஞ்செயலாகப் போற்றப்படுகின்றது. பிணத்தைத் தொடுதலும் தூக்குதலும் புதைத்தலும் எவர் தலையில் சுமத்தப்பட்டன என்பதை இம்மன்றத்தில் விளக்க வேண்டுவதில்லை. சேரியில் தீட்டாக இருந்தது, கல்லூரிக்குள் கல்வியாயிற்று!

இனி, புதிய முறைக்கு வருவோம். விமானம் ஓட்டப் பழகுவோர் தரையிலேயே பழகுவதற்கு 1929இல் எட்வின் லிங்க் ஒரு பொறி செய்தார். 1968இல் ஐவன் சதர்லாந்து, தலையில் அணிந்தால் கணிப்பொறி வரையும் உருவங்களைக் கண்முன் நிறுத்தும் கருவியை அமைத்தார். அதன் வழிவந்ததே இன்றைய மெய்ந்நிகர்க் கண்ணணி. அதை அணிந்த பயிற்சி மருத்துவர் ஓர் அறுவைக் கூடத்தில் நிற்பதாகவே காண்பார். கையில் பற்றிய பிடி அங்கே வாளாகவும் துளைகருவியாகவும் தோன்றும். வெட்டு எத்தனை பாகை பிறழ்ந்தது, எத்தனை நிமிடம் ஆயிற்று என்று கணிப்பொறி உடனே சொல்லும். தவறினால் மீண்டும் தொடங்கலாம், குருதி சிந்துவதில்லை.

பயன் உண்டா? 2002இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தார் பித்தப்பை அறுவையில் இதனைச் சோதித்து, கணிப்பொறியில் பழகியவர் விரைவாகவும் குறைந்த பிழையோடும் செய்தனர் என்று காட்டினர். மூட்டுக்கு வருவோமாயின், இலண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர் 2019இல் வெளியிட்ட ஆய்வு கருதத்தக்கது. பயிற்சி அறுவையர் 24 பேர் இரு பிரிவாகி, ஒரு பிரிவினர் மட்டும் மெய்ந்நிகர் முறையில் இடுப்பு மூட்டு மாற்றம் பழகினர். பின்னர் அனைவரும் இறந்தோர் உடலில் செய்து காட்டினர். மூட்டுப் பகுதியைப் பொருத்திய கோணத்தில் பழகியோர் பிழை சராசரி 4 பாகை. பழகாதோர் பிழை 16 பாகை. நேரம் 42 நிமிடமும் 51 நிமிடமும். நாற்பது ஐம்பது வயதுக் கூலித் தொழிலாளிக்கு அந்த 12 பாகையே மறுபடி வேலைக்குச் செல்வதும் செல்லாமையும் ஆகலாம்.

குறையும் உண்டு. காட்சியைக் காட்டுவது எளிது. எலும்பின் எதிர்ப்பைக் கையில் உணர்த்துவது அரிது. சாதாரணக் கண்ணணியின் பிடி அதிர்வதோடு சரி. வாள் அழுந்தும்போது கையை எதிர்த்துத் தள்ளும் பொறிக்குப் பன்மடங்கு விலை. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் மணிவண்ணன் அமைத்த தொடுவுணர்வு ஆய்வகம் இத்துறையில் உழைத்துள்ளது என்பது நமக்கு மகிழ்ச்சி தருவது.

இங்கேதான் நம் மாவட்டம் உள்ளே வருகின்றது. கணிப்பொறியில் உள்ள எலும்பு எவர் எலும்பைப் பார்த்து அமைக்கப்பட்டதோ, அவர் எலும்பையே அது கற்பிக்கும். இந்தியப் பெண்களின் முழங்கால் எலும்பு மேலைநாட்டு அளவினும் சிறியது. செயற்கை மூட்டுகள் அளவு பொருந்தாமை குறித்து நம் நாட்டு அறுவையர் எழுதியுள்ளனர். ஃபுளோரைடு ஏறிய எலும்போ அடர்ந்து கெட்டிப்பட்டும், அதே வேளையில் எளிதில் முறிவதாகவும் இருக்கும். அதில் வாள் ஓடும் விதம் வேறு. இலண்டன் எலும்பில் ஆயிரம் முறை பழகிய கை, மொரப்பூர்ப் பாட்டியின் காலில்தான் இதனை முதன்முறை சந்திக்க வேண்டுமா? 2008இல் தொடங்கிய தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரிக்கு இத்தகைய நோயாளர் வருகின்றனர். அவர்தம் இசைவோடு எடுக்கும் ஊடுகதிர்ப் படங்களிலிருந்தும் எலும்பளவுகளிலிருந்தும் நம் பகுதி எலும்பையே கணிப்பொறியில் உருவாக்கலாம்.

அதனை யார் செய்வது? சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி ஆணை 1951இல் உச்ச நீதிமன்றத்தில் வீழ்ந்தபோது, வழக்கின் பொருள்களுள் ஒன்று மருத்துவக் கல்லூரி இடம். அவ்வாண்டே அரசியல் சட்டம் திருத்தப்பட்டு நம் வழி காக்கப்பட்டது. 2020 முதல் அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவ இடங்களில் 7.5 விழுக்காடு உண்டு. எனினும், உயிரியல் படித்தோர்க்கு மட்டுமே இத்துறை என்று எண்ண வேண்டா. எலும்பின் அடர்த்தியை எண்ணாக்கக் கணிதம் பயின்றவர் வேண்டும். உருவம் வரைய ஓவியக் கை வேண்டும். பொறியின் பிடியைக் கடைந்து செய்யத் தொழிற்பயிற்சி நிலையத்தில் கற்ற கடைசல்காரர் வேண்டும். எந்தக் கல்லூரியில் எந்தப் படிப்பு, உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பது எங்ஙனம் என்று அறிய விரும்பும் மாணவரும் பெற்றோரும் கூட்டம் முடிந்ததும் நூலக அறைக்கு வருக. நாம் அங்கே இருப்போம்.