நியூயார்க்கா, லாஸ் ஏஞ்சலிஸா?



அமெரிக்காவில் சில காலம் இருந்து திரும்பியவனைக் கண்டால் பலரும் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "அங்கே குடியிருப்பதற்கு ஏற்ற நகரம் எது?" என்பதே அது. நான் நியூயார்க்கில் மூன்று ஆண்டுகளும், 1999ஆம் ஆண்டு முதல் லாஸ் ஏஞ்சலிஸில் ஐந்து ஆண்டுகளும் வாழ்ந்தவன். முன்பெல்லாம் இக்கேள்விக்குச் சட்டென்று விடை கூறிவிடுவேன். "குளிருக்கு அஞ்சுகிறவர் மேற்கே போகட்டும், தனிமைக்கு அஞ்சுகிறவர் கிழக்கே போகட்டும்" என்பேன். இன்று அவ்வாறு கூற மனம் துணிவதில்லை. அதன் காரணத்தை உங்களிடம் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் கிழக்குக் கரையிலுள்ள நியூயார்க்கைப் பார்ப்போம். ஏறத்தாழ 300 சதுர மைல் நிலத்தில், 2020ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி, 88 லட்சம் மக்கள் வாழ்கிறார்கள். நான் இருந்த அறையில் கட்டிலை விரித்தால் நாற்காலியை மடித்தாக வேண்டும். வாடகையோ சம்பளத்தில் பாதியை விழுங்கிவிடும். குளிர்காலத்தில் காதுமடல் உணர்வற்றுப் போகும். ஆயினும், இந்த நெருக்கமே அந்நகருக்கு ஒரு நன்மையையும் செய்திருக்கிறது. 1904ஆம் ஆண்டில் தொடங்கிய சுரங்க ரயில் இன்று 472 நிலையங்களுடன் இரவும் பகலும் ஓடுகிறது. எவ்வளவு தூரம் சென்றாலும் ஒரே கட்டணந்தான். மக்கள் நெருங்கி வாழ்வதால் ரயிலுக்குப் பயணிகள் குறைவதில்லை. ரயில் அடிக்கடி வருவதால் மக்கள் காரை நாடுவதில்லை. பாதிக்கு மேற்பட்ட குடும்பங்களிடம் கார் கிடையாது. வீட்டில் முற்றம் இல்லாத குறையை 843 ஏக்கர் பரப்புள்ள சென்ட்ரல் பார்க் என்னும் பூங்கா ஓரளவு தீர்த்துவைக்கிறது.

லாஸ் ஏஞ்சலிஸ் வேறோர் உலகம். ஏறத்தாழ 470 சதுர மைல் நிலத்தில் 39 லட்சம் மக்களே பரவி வாழ்கிறார்கள். ஆண்டின் பெரும்பகுதியில் வெயில் இதமாக இருக்கும். நான் குடியிருந்த சிறு வீட்டின் பின்புறம் எலுமிச்சை மரம் ஒன்று காய்த்துக் குலுங்கியது. மழை குறைந்த அந்நகருக்கு 1913ஆம் ஆண்டில் ஓவன்ஸ் பள்ளத்தாக்கிலிருந்து 233 மைல் நீளமுள்ள கால்வாய் வெட்டித் தண்ணீர் கொண்டுவந்தார்கள். நகரம் தழைத்தது, தண்ணீரை இழந்த அப்பள்ளத்தாக்கின் உழவர்கள் நலிந்தார்கள். மாலையில் கிரிபித் வானாராய்ச்சி நிலையம் அமைந்துள்ள குன்றின்மேல் நின்றால், நகரத்து விளக்குகள் கடல்வரை பரந்து கிடப்பதைக் காணலாம். அழகிய காட்சிதான். ஆனால் அந்த அழகை நெருங்கிச் சென்று அனுபவிக்க வேண்டுமானால் கார் வேண்டும்.

அந்நகரம் தொடக்கமுதலே காரை நம்பி வளர்ந்தது என்று எண்ணிவிடாதீர்கள். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவ்வட்டாரத்தில் மின்சார ரயில் பாதைகள் 1,000 மைலுக்கு மேல் நீண்டிருந்தன. சிவப்பு நிறம் பூசிய அவ்வண்டிகள் மக்களைக் கடற்கரைக்கும் தோட்டங்களுக்கும் கொண்டுசென்றன. பிறகு கார்கள் பெருகின. தெருக்களில் கார்களுக்கிடையே சிக்கி ரயில் தாமதமாயிற்று. தாமதமானதால் பயணிகள் குறைந்தார்கள். பயணிகள் குறைந்ததால் பாதைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. சாண்டா மோனிகா கடற்கரைக்குச் சென்ற பாதையில் பயணிகள் ரயில் 1953இல் நின்றது. எஞ்சியிருந்த லாங் பீச் பாதையும் 1961இல் முடிவுற்றது.

என் அடுத்த வீட்டில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தனியே வசித்துவந்தார். வயது எண்பது. கண்பார்வை மங்கியதால் மருத்துவர் சொற்படி காரை விற்றுவிட்டார். அன்றுமுதல் அவருடைய நகரம் வாசற்படியோடு முடிந்துவிட்டது. பஸ் நிற்கும் இடம் முக்கால் மைல் தூரம். வழியில் நிழல் இல்லை. "சிறுமியாக இருந்தபோது சிவப்பு ரயிலில் ஏறிக் கடலுக்குப் போவேன். இப்போது அதே கடலுக்குப் போக அடுத்தவரைக் கேட்க வேண்டியிருக்கிறது" என்று ஒருநாள் என்னிடம் கூறினார். "ஞாயிற்றுக்கிழமை நானே அழைத்துப் போகிறேன்" என்றேன். அந்த ஞாயிறு வேலை வந்தது. அடுத்த ஞாயிறு வேறொன்று வந்தது. நான் அழைத்துப் போகாமலே அவர் இறந்துவிட்டார்.

அப்படியானால் நியூயார்க்கே சிறந்தது என்பீர்கள். சற்றுப் பொறுங்கள். அங்கே பார்வையற்ற ஒருவர் கைக்கோலுடன் நாள்தோறும் என்னோடு ரயிலேறுவார், யாரையும் எதிர்பார்க்கமாட்டார். ஆனால் என் மாடியில் குடியிருந்த முதியவருக்கோ முழங்கால் பழுது. எங்கள் நிலையத்தில் இறங்கப் படிக்கட்டைத் தவிர வேறு வழி இல்லை. ரயிலில் இருபது நிமிடத்தில் போகும் இடத்திற்கு அவர் பஸ்ஸில் ஒரு மணி நேரம் போனார். இன்றும் அந்நகரின் நிலையங்களில் பாதிக்கும் குறைவானவற்றிலேயே லிப்ட் முதலிய வசதிகள் உள்ளன. வழக்குகளின் விளைவாக, 2022இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, வசதியில்லாத நிலையங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தை 2055ஆம் ஆண்டுக்குள் திருத்தியமைப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

லாஸ் ஏஞ்சலிஸும் தன் பிழையை உணராமல் இல்லை. லாங் பீச்சுக்கு 1990இல் மீண்டும் மின்சார ரயில் வந்தது. பழைய பாதையைப் பெரும்பாலும் ஒட்டிச் செல்லும் சாண்டா மோனிகா ரயில் 2016ஆம் ஆண்டு மே மாதத்தில் ஓடத் தொடங்கியது. 63 ஆண்டு இடைவெளி! பின்னொரு முறை அந்நகருக்குச் சென்றபோது அதில் நான் பயணம் செய்தேன். எதிரில் ஒரு மூதாட்டி மடியில் பையை வைத்துக்கொண்டு, ஜன்னல் வழியே வெளியே பார்த்தபடி இருந்தார். கடைசி நிலையத்தில் இறங்கி, யாருடைய துணையுமின்றிக் கடலை நோக்கி மெல்ல நடந்தார். எனக்கு என் அடுத்த வீட்டு ஆசிரியையின் நினைவு வந்தது.

ஆகவே, நண்பர்களே, "வாழ்வதற்கு ஏற்ற நகரம் எது?" என்று என்னைக் கேட்பவரை, "யார் வாழ்வதற்கு?" என்று இப்போது நான் திருப்பிக் கேட்கிறேன். கண்ணும் காலும் பொருளும் உள்ள இளைஞனுக்கு இரண்டுமே நல்ல நகரங்கள்தாம். அவன் அங்கேயே முதுமை அடையும்போது எந்த நகரம் நல்லது என்பதே கேள்வி. உங்களில் சிலர் நாளை பொறியியல் அறிஞர்களாகவும் நகர அதிகாரிகளாகவும் ஆவீர்கள். ஒரு சாலைக்கோ நிலையத்திற்கோ படம் வரையும்போது, அந்த இரு முதியவர்களையும் சற்று நினைத்துக்கொள்ளுங்கள்.