மஞ்சள் விளக்கு சொன்ன சேதி



காரில் சாவியைத் திருப்பியதும் என்ஜின் வடிவில் ஒரு மஞ்சள் விளக்கு எரிவதைப் பார்த்திருப்பீர்கள். வண்டி ஸ்டார்ட் ஆனதும் அது அணைந்துவிட வேண்டும். எங்கள் பங்கின் பழைய பெட்ரோல் காரில் ஒரு நாள் அது அணையவில்லை. நோயாளிகளைச் சந்திக்கவும், நள்ளிரவில் யாரையாவது மருத்துவமனைக்குக் கொண்டுபோகவும் எங்களுக்கு இருப்பது அந்த ஒரு கார்தான். ஆகவே உடனே ஒர்க்ஷாப்புக்கு அனுப்பினோம்.

ஸ்டியரிங்கின் கீழே ஸ்கேனரைச் செருகிப் பார்த்தார்கள். பி0171 என்ற குறியீடு வந்தது. பெட்ரோலுக்குத் தக்க அளவைவிடக் காற்று மிகுந்துவிட்டது, வண்டி 'லீனா ஓடுது' என்று அதற்குப் பொருள். ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றினார்கள், குறியீட்டை அழித்தார்கள், விளக்கும் அணைந்தது. பல ஆயிரம் ரூபாய் செலவானது. நான்காம் நாள் விளக்கு மறுபடியும் எரிந்தது.

இப்போது எங்கள் சந்தேகம் ஓட்டுநர் மேல் திரும்பியது. "தம்பி, பெட்ரோல் எங்கே போடுகிறாய்?" என்று கேட்டோம். கேட்ட தொனியிலேயே குற்றச்சாட்டு இருந்தது. அவர் தலைகுனிந்தபடி சொன்னார்: "எப்பவும் போடுற பங்க்தான் சாமி. ஆனா சிக்னல்ல நிக்கும்போது முன்னாடி உஸ்ஸுன்னு ஒரு சத்தம் வருது. ரெண்டு வாரமா சொல்லிக்கிட்டே இருக்கேன்."

உண்மைதான். அவர் சொல்லியிருந்தார். நாங்கள்தான் காதில் வாங்கவில்லை.

அவர் பேச்சைக் கேட்டு, வயதான மெக்கானிக் ஒருவரிடம் போனோம். அவர் சொன்ன பாடத்தை உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். என்ஜினுக்குள் போகும் காற்றை வாசலிலேயே ஒரு சென்சார் அளக்கிறது. அதற்கேற்பக் காரின் சிறு கணினி பெட்ரோலைத் தெளிக்கிறது. எரிந்தபின் வெளியேறும் புகையில் ஆக்ஸிஜன் மிஞ்சியிருக்கிறதா என்று சைலன்சருக்குப் போகும் குழாயில் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சார் பார்த்துச் சொல்கிறது. மிஞ்சினால் கணினி பெட்ரோலைக் கூட்டும். எவ்வளவு கூட்டியும் சரிப்படவில்லை என்றால்தான் மஞ்சள் விளக்கை ஏற்றும். அப்படியானால் அந்த ஆக்ஸிஜன் சென்சார் யார்? சேதி கொண்டுவந்தவர். நாங்கள் முதலில் அவரைத்தான் வெளியே தள்ளினோம்!

பெரியவர் குறியீட்டை அழிக்கவில்லை. அதோடு பதிவாகியிருந்த விவரங்களை முதலில் குறித்துக்கொண்டார். பிறகு, கணினி எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டுகிறது என்று ஸ்கேனரில் பார்த்தார். மெக்கானிக்குகள் இதை 'ஃபியூயல் டிரிம்' என்பார்கள். வண்டி நின்ற இடத்தில் மெதுவாக ஓடும்போது 24 சதவீதம். ஆக்ஸிலரேட்டரை மிதித்து 2500 சுற்றுக்கு ஏற்றியதும் 6 சதவீதம். "பாத்தீங்களா சாமி, எங்கேயோ காத்து திருட்டுத்தனமா உள்ள போகுது" என்றார்.

அது எப்படித் தெரிந்தது? ஒரு செம்புக் குழம்பில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினால் ருசி கெட்டுவிடும். திருவிழா அண்டாவில் ஊற்றினால் தெரியாது. என்ஜின் மெதுவாக ஓடும்போது அது இழுக்கும் காற்று கொஞ்சம். உறிஞ்சும் வேகமோ அதிகம். அப்போது ஓட்டை வழியாக வரும் காற்று பெரிதாகத் தெரியும். வேகம் கூடி, காற்று நிறையப் போகும்போது அது சிறுத்துவிடும். கணக்கு தலைகீழாக இருந்திருந்தால், அதாவது வேகத்தில் சதவீதம் ஏறியிருந்தால், பெட்ரோல் பம்ப்பையும், ஃபில்டரையும், காற்றை அளக்கும் சென்சாரில் அழுக்கு படிந்திருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். ஆக்ஸிஜன் சென்சாருக்கு முன்னால் புகைக்குழாயில் விரிசல் இருந்தாலும், வெளிக்காற்று உள்ளே கலந்து பொய்ச் சேதி தரலாம்.

பிறகு அவர் காற்றுப் பாதைக்குள் புகையைச் செலுத்தினார். ஒரு ரப்பர் குழாயின் வளைவில், கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்திலிருந்து மெல்லப் புகை எழுந்தது. குழாய் வெடித்திருந்தது. உஸ்ஸென்ற சத்தமும் அங்கிருந்துதான். புதுக் குழாய்க்குச் சில நூறு ரூபாய்தான் ஆனது. மாட்டியபின் சதவீதம் இரண்டுக்கு இறங்கியது.

இரண்டு எச்சரிக்கைகளையும் சொல்லிவிடுகிறோம். ஓட்டையைக் கண்டுபிடிக்கச் சூடான என்ஜின் மேல் பெட்ரோலையோ, தீப்பற்றும் ஸ்பிரேயையோ அடிப்பவர்கள் உண்டு. அதைச் செய்யாதீர்கள், வண்டியே பற்றிக்கொள்ளும். அடுத்து, விளக்கு நிலையாக எரிந்தால் சீக்கிரம் காட்டுங்கள். விட்டுவிட்டு மின்னினால் பாதுகாப்பான இடத்தில் உடனே நிறுத்துங்கள். பெட்ரோல் சரியாக எரியாமல் வெளியேறுகிறது என்று பொருள். அது புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைச் சூடாக்கிக் கெடுத்துவிடும். அதற்கான செலவு பெரிது.

அன்புக்குரியவர்களே, விளக்கை அணைப்பது வேறு, பழுதை நீக்குவது வேறு. வீட்டில் ஒரு பிள்ளை சரியாகச் சாப்பிடாமல் முகம் வாடியிருக்கிறது. அதட்டிச் சிரிக்க வைத்துவிடுகிறோம். குறையை எடுத்துச் சொல்லும் மருமகளை வாயாடி என்கிறோம். மனச்சாட்சி உறுத்தும்போதும் அதைத்தான் செய்கிறோம்: உறுத்தலை அமுக்கிவிட்டு, குணமாகிவிட்டது என்று எண்ணிக்கொள்கிறோம். நான்காம் நாள் விளக்கு மறுபடியும் எரிகிறது.

அன்று மாலை ஓட்டுநரை அழைத்து, "தம்பி, நீ சொன்னதைக் கேட்காமல் உன்னையே சந்தேகப்பட்டது எங்கள் தவறு, மன்னித்துக்கொள்" என்றோம். சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "பரவாயில்லை சாமி. இப்ப சத்தம் இல்ல" என்று சிரித்தார்.

உங்கள் வீட்டில் இரண்டு வாரமாக ஒன்றையே சொல்லிக்கொண்டிருப்பவர் யார்? இன்று இரவு அவர் அருகில் உட்கார்ந்து, முழுவதும் கேளுங்கள்.